சேர்வராயன் மலை ஜிபிஎஸ் நிலையம்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்க

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், மொட்டைப் பாறை மேல் எங்கள் ஜிபிஎஸ் நிலையம் நிற்கிறது. ஒரு எஃகுத் தூண், அதன் தலையில் ஆன்டெனா, பத்தடி தள்ளி ஒரு இரும்புப் பெட்டி, ஒரு சோலார் பேனல். நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது அதன் வேலை. அதைப் பழுது பார்ப்பது என் வேலை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், மறந்துவிட்ட ஒரு ஸ்பேனருக்காக மறுபடி சேலத்துக்கு இறங்கிய நாட்கள் உண்டு. மலையேறும் முன் இதை ஒருமுறை படித்துவிட்டால் பாதிப் பழுது கீழேயே தீரும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தீபகற்பத்தின் உள்பகுதி வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் உருமாறுவதாக இதுவரை எடுத்த அளவுகள் காட்டவில்லை. ஆகவே நிலையத்தின் இடத்தை நாளுக்கு நாள் காட்டும் கிராஃபில் வேகமாக எது நடந்தாலும் முதல் சந்தேகம் கருவி மேல், அடுத்தது கணக்கு மேல், நிலத்தின் மேல் கடைசியாகத்தான்.

## அறிகுறி: நிலையத்திலிருந்து கோப்பே வரவில்லை

முதலில் சிம் கார்டு. சிரிக்க வேண்டாம். நான் மலையேறிய தடவைகளில் நாலில் ஒன்று ரீசார்ஜ் முடிந்துபோன சிம்முக்காக. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டிக்குள் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டுதான் இருக்கும், அனுப்ப வழியில்லாமல் நிற்கும். சேலத்தில் இருந்தபடியே ரீசார்ஜ் செய்து ஒரு மணி நேரம் பொறுங்கள். கோப்புகள் தானாக வர ஆரம்பித்தால் விஷயம் முடிந்தது. இந்த நிலையில் யாரையாவது விட்டு ரிசீவரை அணைத்துப் போடச் சொல்லாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பதிவு அறுந்துபோகும்.

அடுத்து மின்சாரம். தோட்டத்துக் காவலரிடம் போனில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். "சார், பொட்டியில பச்ச லைட்டு எரியலைங்க" என்றால் மல்டிமீட்டரோடு கிளம்புங்கள். பார்க்க வேண்டிய வரிசை இது: ஃபியூஸ், பேட்டரி முனைகள், பேட்டரி வோல்ட், சார்ஜ் கன்ட்ரோலர், பேனல்.

ஃபியூஸ் போயிருந்தால் ஒரு தடவை மாற்றலாம். மாற்றிய உடனே மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் போடாமல் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி முனையில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி உப்பு பூத்திருந்தால் வெந்நீரில் கழுவி, துடைத்து, வேஸ்லைன் தடவி இறுக்குங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே சரியாகிவிடும்.

முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 11.8க்குக் கீழே இருந்தால் காலி. இங்கே ஒரு சின்னக் கணக்கு. எங்கள் ரிசீவரும் மோடமும் சேர்ந்து சுமார் 5 வாட் இழுக்கின்றன, ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம், அதாவது 600. வெயில் இல்லாமல் ஐந்து நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் ஐந்து நாள் மூடுபனி ஒன்றும் அதிசயம் இல்லை. நவம்பரில் நின்று, வெயில் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும் நிலையத்தில் பழுது இல்லை, பேனல் போதவில்லை. இன்னொரு பேனல் போடுங்கள்.

பேனல் வெயிலில் 18 வோல்ட்டுக்கு மேல் தருகிறது, பேட்டரிக்கு மட்டும் ஏறவில்லை என்றால் கன்ட்ரோலர். அதற்குள் எறும்பு புற்று வைத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மூன்று வருடத்தில் இரண்டு கன்ட்ரோலர்களை எறும்புக்குக் கொடுத்த பிறகுதான் கேபிள் நுழையும் ஓட்டைகளில் எம்சீல் வைத்து அடைத்தேன்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: வோல்ட் சரியாக இருந்தும் ரிசீவர் எழவில்லை என்றால் திறக்காதீர்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளிடம்தான் போக வேண்டும். செலவு பெரிது, அனுப்பும் முன் உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கோப்பு வருகிறது, ஆனால் செயற்கைக்கோள் குறைவு, சிக்னல் பலவீனம்

தலைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அளவு 45லிருந்து 50 டெசிபல்-ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அது 35க்கு வந்துவிட்டால் கேபிள் பக்கம் கோளாறு. ஒரு திசையில் மட்டும் குறைகிறதா, எல்லாப் பக்கமும் குறைகிறதா என்று முதலில் வரைந்து பாருங்கள். வழி இங்கேயே பிரிகிறது.

### ஒரு திசையில் மட்டும் குறைவு

மரம். வேறொன்றும் இல்லை. காப்பிக்கு நிழலாக நட்டு, மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மளமளவென்று வளரும். நிலையம் வைத்த அன்று கண்ணுக்குக் கீழே இருந்த கிளை நாலு வருடத்தில் ஆன்டெனாவுக்கு மேலே வந்து நிற்கும். மழைக்காலத்தில் ஈர இலை இன்னும் மோசம். தோட்டக்காரரிடம் பேசிக் கிளை கழிக்கச் சொல்லுங்கள். மிளகு அறுவடை முடிந்த பிறகு கேட்டால் மறுக்க மாட்டார். காய்ப்பு நேரத்தில் கேட்டால் மறுப்பார், அதில் நியாயமும் உண்டு.

கிளை கழித்த தேதியை லாக் புக்கில் எழுதுங்கள். மரம் போனால் கணக்கிட்ட உயரம் சில மில்லிமீட்டர் மாறும். எழுதவில்லை என்றால் அடுத்த வருடம் யாரோ ஒரு மாணவர் அதை நில அசைவு என்று சொல்லிக்கொண்டு வருவார்.

### எல்லாப் பக்கமும் குறைவு

ரிசீவர் அதே கேபிள் வழியாகத்தான் ஆன்டெனாவுக்கு மின்சாரம் அனுப்புகிறது, பெரும்பாலும் 5 வோல்ட் டிசி. ரிசீவரை அணைத்து, கேபிளை ஆன்டெனா முனையில் கழற்றி, பிறகு ரிசீவரைப் போட்டு, நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே அளந்து பாருங்கள். கை நடுங்கி இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிடாதீர்கள்.

*5 வோல்ட் வருகிறது:* கேபிளில் டிசி ஓடுகிறது. ஆனாலும் கனெக்டரில் தண்ணீர் இருக்கலாம். கழற்றி உதறுங்கள். சொட்டு விழுந்தாலோ, உள்ளே கறுத்திருந்தாலோ கனெக்டரை வெட்டிப் புதிது போடுங்கள். மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கு மேல் சாதா டேப். வெறும் சாதா டேப் ஏற்காட்டு மழைக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது.

*வோல்ட் வரவில்லை:* நடுவில் உள்ள இடிதாங்கிக் கனெக்டரை, அதாவது சர்ஜ் அரெஸ்டரை, எடுத்துவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசி இடிமழைக்கு அடுத்த நாள் இதுதான் முதல் சந்தேகம். புதிது வாங்கும்போது டிசியைக் கடத்தும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சில வகைகள் டிசியைத் தடுத்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு, ஆன்டெனா செத்துப்போச்சு என்று முடிவு கட்டி, புது ஆன்டெனாவுக்குக் கொட்டேஷன் வரை கேட்டிருக்கிறேன்.

அரெஸ்டர் நன்றாக இருந்தால் கேபிளை நீளம் முழுக்கத் தடவிப் பாருங்கள். குரங்கு கடித்த தடம் விரலுக்குத் தெரியும். இரும்புக் குழாய்க்குள் விட்ட பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

### ஒரு அலைவரிசை மட்டும் விழுந்திருக்கிறது

எல்1, அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸ், நன்றாக இருந்து எல்2, 1227.60, மட்டும் கிடைக்கவில்லை என்றாலோ, அதற்கு எதிர்மாறாக இருந்தாலோ, பக்கத்தில் புதிதாக ஏதாவது கோபுரம், ரிப்பீட்டர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். மலை உச்சி என்றால் எல்லோருக்கும் கோபுரம் வைக்க ஆசை. வேறொரு ஆன்டெனாவைப் போட்டும் அப்படியே இருந்தால் வெளிக் குறுக்கீடு. அது நம் கையில் தீராது. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்.

## அறிகுறி: மாலை 7 மணிக்கு மேல் மட்டும் சிக்னல் அறுந்து அறுந்து வருகிறது

பகலெல்லாம் ஒழுங்கு, இருட்டியதும் குழப்பம், நள்ளிரவுக்குப் பிறகு மறுபடி ஒழுங்கு. மாசி, பங்குனியிலும் புரட்டாசியை ஒட்டியும் அதிகம். இதற்காக மலையேறாதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுத்து நிற்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் விடத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பட்டையில் அயனி மண்டலம், அதாவது மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற அடுக்கு, குமிழி குமிழியாகக் கலங்கும், சிக்னல் அதில் துடிக்கும். சூரியப் புள்ளிகள் மிகும் வருடங்களில் இன்னும் கூடும்.

சோதனை ஒன்றுதான்: பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் சர்வதேச நிலையத்தின் அதே நாள் கோப்பை இறக்கிப் பாருங்கள். அங்கும் அதே நேரத்தில் அறுந்திருந்தால் வானத்தின் வேலை. நம்மிடம் மட்டும் என்றால் முந்தைய அறிகுறிக்குத் திரும்புங்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். தொல்லை ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்கூட்டியே வந்தால் அது அயனி மண்டலம் இல்லை. செயற்கைக்கோள்கள் அதே இடத்துக்கு 4 நிமிடம் முன்னதாகத் திரும்பி வருவதால், பக்கத்துத் தகரக்கூரையிலோ வேலியிலோ பட்டு எதிரொலிக்கும் சிக்னல் அப்படித்தான் நகரும். புதிதாக யார் கொட்டகை போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

## அறிகுறி: கிராஃபில் திடீரென்று ஒரு படி

நேற்று வரை ஒரு கோடு. இன்றிலிருந்து அதே கோடு, ஆனால் ஒரு படி மேலே அல்லது கீழே. பதற்றமான போன் அழைப்புகள் வருவது இதற்குத்தான்.

படி உயரத்தில் மட்டுமா? அப்படியென்றால் ஏறக்குறைய நிச்சயமாக ஆன்டெனா உயரம் அல்லது ஆன்டெனா வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் தூணில் ஆன்டெனாவைத் தாங்கும் பொருத்திக்கு உயரம் 0.0083 மீட்டர். ஒருமுறை மென்பொருளை மறுபடி நிறுவிய மாணவர் ஒரு சுழியத்தை விட்டு 0.083 என்று அடித்துவிட்டார். கணக்குப்படி சேர்வராயன் மலை ஒரே இரவில் 7.5 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தது. அவர் இரண்டு நாள் நிலவியல் காரணம் தேடினார். நான் கோப்பின் தலைப்பு வரிகளைத் திறந்து காட்டினேன். தலைப்பு வரிகளை எப்போதும் முதலில் பாருங்கள்; காசு செலவில்லை.

ஆன்டெனா மாற்றியிருந்தால் வகைப் பெயரும், மேல் மூடி உண்டா இல்லையா என்பதும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் சிக்னல் சேரும் மையம் வேறு உயரத்தில் இருக்கிறது. பெயர் மாறினால் சென்டிமீட்டர் கணக்கில் போகும்.

பெங்களூரு, ஹைதராபாத் நிலையங்களிலும் அதே நாளில் படி இருக்கிறதா? இருந்தால் நம் தூண் குற்றவாளி இல்லை. பெரும்பாலும் குறிப்புச் சட்டகம், அதாவது எல்லா நிலையங்களின் இடத்தையும் எதை வைத்து அளக்கிறோமோ அந்த அடிப்படை, மாறிய நாளாக இருக்கும். இந்தக் கணக்குகளுக்கு அடிப்படை தரும் சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவை (ஐஜிஎஸ்) 2017 ஜனவரி 29இலும் 2022 நவம்பர் 27இலும் புதுச் சட்டகத்துக்கும் புது ஆன்டெனா அளவுத்திருத்தங்களுக்கும் மாறியது. பழைய கோப்புகளைப் பழைய சட்டகத்திலும் புதியவற்றைப் புதியதிலும் கணக்கிட்டு ஒட்டவைத்தால் ஒட்டிய இடத்தில் படி விழும். எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் மறுபடி ஓட்டுங்கள். கணினி இரண்டு இரவு ஓடும், அவ்வளவுதான்.

எங்கோ தொலைவில் மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தாலும் எல்லா நிலையங்களிலும் படி விழும். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் மீட்டர் கணக்கில் நகர்ந்தது. அவ்வளவு தொலைவில் இருக்கும் பெங்களூருகூட ஒரு சென்டிமீட்டர் அளவில் கிழக்கே போனது. தென்னிந்தியாவில் நில அசைவால் நிஜமான படி விழுந்ததற்கு நான் காட்டும் உதாரணம் இது ஒன்றுதான்.

படி கிடைத்திசையில், நம்மிடம் மட்டும்? இப்போது மலையேறுங்கள். தூணின் அடியில் பாறை வெடித்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஏதாவது முட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீர்மட்டத்தை நாலு பக்கமும் வைத்து, நிறுவிய நாளின் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஆடிப்போன தூணை நீங்களாகச் சுத்தியல் எடுத்துத் தட்டி நிமிர்த்திவிடாதீர்கள். தட்டினால் எவ்வளவு சாய்ந்தது என்ற தகவலே போய்விடும். முதலில் பக்கத்துக் குறிக்கற்களிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் என்னும் கோணமும் தூரமும் அளக்கும் கருவியை வைத்து அளக்கத் தெரிந்த சர்வேயரைக் கூப்பிடுங்கள். நிமிர்த்துவது அதற்குப் பிறகு.

## அறிகுறி: கோடு ஒரே திசையில் சாய்ந்து போகிறது

"நம் மலை வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போகுதுங்க சார்!"

ஆமாம், போகிறது. பெங்களூருவும் போகிறது, ஹைதராபாத்தும் போகிறது. இந்தியத் தட்டு மொத்தமும் சேர்ந்தே போகிறது: வடக்கே சுமார் 3.5 சென்டிமீட்டர், கிழக்கே சுமார் 4.2. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் இதைக் கண்டுபிடிப்பார்கள். பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து இருக்கைக்காரர் நகர்கிறாரா என்று பார்க்க, பேருந்தின் வேகத்தைக் கழிக்க வேண்டும். தட்டின் வேகத்தைக் கழித்து, இந்தியாவை நிலையாக வைத்துக் கிராஃபை மறுபடி போடுங்கள். பத்தில் ஒன்பது முறை கோடு படுத்துவிடும்.

கழித்த பிறகும் சாய்ந்தால், எத்தனை நாள் தரவு என்று கேளுங்கள். இரண்டரை வருடத்துக்குக் குறைவான தரவில் வேகம் கணக்கிடக் கூடாது. வருடாந்திர அலை வேகத்தோடு குழம்பிவிடும். போதுமான தரவு இருந்தும் சாய்ந்தால், தூண் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட், இரும்பு மாதிரி. ஆனால் மேட்டுப் பரப்பில் பல இடங்களில் அதன் மேல் செம்புறையும் பாக்சைட்டும் தொப்பி போட்டிருக்கின்றன. தோண்டும்போது கெட்டியாகத் தெரியும், மழைக்கு ஊறும், சரிவில் மெல்ல வழியும். அதன் மேல் வைத்த தூண் சரிவின் திசையில் இறங்கும். நகரும் திசையும் சரிவின் திசையும் ஒன்றாக இருந்தால் மண்தான் நகர்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை, இடம் மாற்ற வேண்டும். இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு இதற்குத்தான். கட்டட மொட்டை மாடியில் வைத்த நிலையங்களுக்கும் இதே கதி.

சரிவும் இல்லை, மரமும் இல்லை, ஐந்தாறு வருடத் தரவு இருக்கிறது, இரண்டு வெவ்வேறு மென்பொருளில் ஓட்டியும் சாய்வு நிற்கிறதா? சேலம் - ஆத்தூர் பக்கம் ஓடும் பழைய பிளவு மண்டலங்களின் பெயரை எடுத்துக் கட்டுரை எழுதும் முன், ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதையே வேலையாகச் செய்பவர்களிடம் மூலக் கோப்புகளைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். கிராஃபை அனுப்பினால் போதாது. மூலக் கோப்பு, லாக் புக், தூணின் படம் மூன்றும் கேட்பார்கள்.

## அறிகுறி: வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை

பழுது இல்லை. மழைக்காலத்தில் நீரின் பாரத்தில் நிலம் சில மில்லிமீட்டர் அழுந்தும், கோடையில் எழும்பும். நமக்கு ஒரு உபரியும் உண்டு: மேட்டூர். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி, எடையில் சுமார் 265 கோடி டன். ஏற்காடு அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எளிய கணக்குப் போட்டுப் பார்த்தால் காலி அணைக்கும் நிரம்பிய அணைக்கும் இடையே நம் பாறை இரண்டு மில்லிமீட்டர் அளவில் தாழும். காவிரியில் தண்ணீர் வந்த வருடம், வராத வருடம் என்று அலை மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். அணையின் நீர்மட்டப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலையைத் துடைத்துவிடாமல், வேகம் கணக்கிடும் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறது

பழைய ரிசீவர். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது. தேதி சுமார் 19.6 வருடம் தப்பினால் இதுதான். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கோப்பின் தேதியை மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் வைத்துச் சமாளிக்கலாம், தரவு கெடவில்லை.

## அறிகுறி: ஊரில் நில அதிர்வு என்கிறார்கள், கிராஃபில் ஒன்றும் இல்லை

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 50 கிலோமீட்டர் தொலைவில் 5 அளவில் நிலநடுக்கம் வந்தாலும் நம் தூண் நிரந்தரமாக நகர்வது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. பாத்திரம் உருளும், ஜிபிஎஸ் சும்மா இருக்கும். அதைப் பிடிப்பது நிலநடுக்கமானியின் வேலை. அளவும் மையமும் தேசிய நிலநடுக்க மையம் வெளியிடும். மேக்னசைட் சுரங்கப் பக்கத்திலிருந்து கேட்டதா, அது வெடிவைத்த நேரமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஜிபிஎஸ்ல அசைவே இல்லையே, அப்ப சேலத்துக்கு ஆபத்தே இல்லைதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் ஆமாம் சொல்வதில்லை. 1993 செப்டம்பர் 30இல் மகாராஷ்டிராவின் கில்லாரி நிலநடுக்கம் வந்தது இதே மாதிரி அசையாத நிலம் என்று நினைத்திருந்த தீபகற்பத்தின் நடுவில்தான். 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. அழுத்தம் மிக மெல்லச் சேரும் இடத்தில் இரண்டு நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட காலம் நம் தரவின் வயதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கலாம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான 2002 இந்தியத் தரநிலையின் வரைபடம் சேலத்தை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துப் பகுதியில், வைத்தது. வீடு கட்டுபவர் எங்கள் கிராஃபைக் கேட்க வேண்டாம், அந்தத் தரநிலை தெரிந்த கட்டுமானப் பொறியாளரைக் கேட்கட்டும்.

அதிர்வு உணர்ந்த நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரிசீவர் வினாடிக்கு ஒன்று என்று எடுக்கும் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். அனுப்பி வைப்பது 30 வினாடிக்கு ஒன்றுதான். அன்றைய வினாடிப் பதிவைத் தனியாக இறக்கி வைத்துவிடுங்கள். சிம்மில் காசு இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.